ஜோனதன் கோ எழுதி யாருக்கு வலித்தது?

வாசகர் கேள்வி, 2 பிப்ரவரி 2025

அண்ணா, நீங்கள் சொன்னீர்களே என்று ஆங்கில நாவலாசிரியர் ஜோனதன் கோவின் 'மிடில் இங்கிலாந்து' நாவலைப் படித்து முடித்தேன். ரயிலில் தனியாகச் சிரித்து எதிர் சீட்டுக்காரர் முறைத்தார். முடித்த பிறகு ஒரே கடுப்பு. காளமேகம் வசை பாடினான், திருமலைராயன் பட்டினத்தில் மண்மாரி பொழிந்தது என்று கதை கேட்டு வளர்ந்தவன் நான். இந்த மனுஷர் 80களின் பிரதமர் தாட்சர் காலக் கதையிலிருந்து வசை பாடிக்கொண்டிருக்கிறார். ஒரு கைப்பிடி மண்ணாவது விழுந்ததா? யாரையெல்லாம் நக்கலடித்தாரோ அவர்கள் சுகமாகத்தான் இருக்கிறார்கள். இந்த வகை எழுத்து படித்தவர்களுக்கு முதுகு சொறிந்துவிடுவது, அவ்வளவுதான் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

3 பிப்ரவரி, இரவு

மறுப்பு இருக்கிறது, பாதி. மீதிப் பாதியில் நானும் உங்கள் கட்சி, கோவும் உங்கள் கட்சி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், பின்னால் வந்து சேர்பவர்களுக்காக ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

1961இல் பர்மிங்காமின் தெற்கு ஓரம், லிக்கி என்ற இடத்தில் பிறந்தவர். கிங் எட்வர்ட்ஸ் பள்ளி, கேம்பிரிட்ஜ், பிறகு வாரிக் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்ஸ்' பற்றி முனைவர் பட்டம். 18ஆம் நூற்றாண்டின் பெரிய நையாண்டிக்காரர் ஒருவரைக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றவர். முதல் நாவல் 1987. முதல் மூன்று நாவல்களும் வந்த சுவடு தெரியாமல் போயின. நாலாவதுதான் வெடித்தது: 1994இல் 'வாட் எ கார்வ் அப்!'

தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கூறு போடுதல்'. சமைத்த கோழியை மேசையில் அறுத்துப் பங்கு வைப்பதற்கும், பங்காளிகள் சொத்தைப் பிய்த்துக்கொள்வதற்கும் அங்கேயும் ஒரே சொல்தான். யார்க்‌ஷயரில் ஒரு பாழடைந்த மாளிகை, அதில் வின்ஷா என்ற குடும்பம். தாமஸ் வங்கிக்காரன். ஹென்றி அரசியல்வாதி. டோரதி கோழிப்பண்ணை முதலாளி, அவள் வளர்க்கும் எதையும் அவள் வாயில் வைப்பதில்லை. ஹிலரி பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள், எதைப் பற்றியும் எந்தக் கருத்தும் கைவசம் உண்டு. மார்க் சதாம் ஹுசேனுக்கு ஆயுதம் விற்கிறான். ராடி ஓவிய வியாபாரி. 80களின் இங்கிலாந்தை இந்த ஆறு பேரும் கூறு போடுகிறார்கள். குடும்ப வரலாற்றை எழுதக் கூலிக்கு அமர்த்தப்பட்டவன் மைக்கேல் ஓவன் என்ற தனிக்கட்டை எழுத்தாளன். எழுத எழுத, தன் சொந்த வாழ்க்கையில் எங்கெங்கே வலிக்கிறதோ அங்கெல்லாம் ஒரு வின்ஷாவின் கைரேகை இருப்பது அவனுக்குத் தெரிய வருகிறது.

கடைசியில் என்ன நடக்கிறது? 1991 ஜனவரி, வளைகுடாப் போர் தொடங்கும் நேரம். மாளிகையில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், அவரவர் தொழிலுக்குப் பொருத்தமான சாவு. தம்பி கேட்ட மண்மாரி பொழிகிறது, ஆனால் நாவலுக்குள்ளே மட்டும். வெளியே யாருக்கும் ஒரு தூசி விழவில்லை. அது கோவுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கடைசிப் பகுதி முழுவதையும் பழைய பேய்பங்களா சினிமா பாணியில், 'இதெல்லாம் நிஜத்தில் நடக்காதப்பா' என்று கண்ணடித்தபடியேதான் எழுதியிருக்கிறார்.

3 பிப்ரவரி, நள்ளிரவு தாண்டி

ஒன்று விட்டுப்போனது. அந்த நாவலைச் சிரிப்புப் புத்தகம் என்றே நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போது அலமாரியிலிருந்து எடுத்து நடுவில் பிரித்தேன். ஃபியோனா வரும் இடம். மைக்கேலின் பக்கத்து வீட்டுக்காரி. உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். காத்திருக்க வைக்கிறார்கள், படுக்கை இல்லை, ஆள் இல்லை, மருந்து நேரத்துக்கு வரவில்லை. செத்துப்போகிறாள். யாரும் வில்லன் இல்லை. தூங்காத டாக்டர்கள், ஓடிக்கொண்டே இருக்கும் நர்ஸ்கள். வில்லன் பல அத்தியாயம் முன்னாலேயே வந்துபோய்விட்டான்: தேசிய சுகாதாரச் சேவையை 'சீர்திருத்திய' ஹென்றி வின்ஷா. அங்கே நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். இங்கே பில் வருகிறது.

4 பிப்ரவரி, சாப்பாட்டு இடைவேளை

'அங்கதம் என்றே எழுதலாமே, நக்கல் என்பானேன்' என்று ஒருவர் தனிச்செய்தியில் திருத்தியிருக்கிறார். சரி ஐயா. தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: செம்பொருள், பழிகரப்பு. நேராக முகத்துக்கு எதிரே திட்டுவது ஒன்று, திட்டை உள்ளே ஒளித்து வைப்பது மற்றது. 1994இல் கோ செம்பொருள். வயதாக ஆகப் பழிகரப்பு. இந்த இரண்டு சொல்லுக்காகவே தங்களுக்கு ஒரு காபி கடன்பட்டிருக்கிறேன்.

'கோ' என்றால் அரசன் என்று கிண்டல் செய்தவருக்குக் காபி கிடையாது.

6 பிப்ரவரி

இப்போது தம்பி பக்கம்.

2013 ஜூலையில் லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் கோ ஒரு கட்டுரை எழுதினார். மேலுக்கு அது அரசியல்வாதி போரிஸ் ஜான்சனின் நகைச்சுவைத் துணுக்குகளைத் தொகுத்த ஒரு புத்தகத்தின் மதிப்புரை. உள்ளே அவருடைய சொந்தத் தொழிலுக்கு எழுதிய குற்றப்பத்திரிகை. தலைப்பை நகைச்சுவைக் கலைஞர் பீட்டர் குக்கிடமிருந்து எடுத்தார். பிரிட்டன் களுக்களுக்கென்று சிரித்தபடியே கடலில் மூழ்கப்போகிறது என்று சொன்னவர் அந்த குக். லண்டன் சோஹோவில் அரசியல் நையாண்டிக்கென்றே ஒரு விடுதி தொடங்கியபோது, 'ஹிட்லர் தலையெடுக்காமல் தடுக்க அவ்வளவு பாடுபட்ட பெர்லின் கேளிக்கைக் கூடங்கள்தான் எங்களுக்கு முன்மாதிரி' என்ற பொருளில் பேசியவரும் அவரே. நம்ம தம்பி காளமேகத்தை வைத்துக் கேட்டதை அந்த மனிதர் பெர்லினை வைத்து 60 வருஷம் முன்பே கேட்டுவிட்டார்.

கோ எடுத்துக்காட்டும் காட்சி ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' என்று பிபிசியில் ஒரு நிகழ்ச்சி, வார அரசியலை வைத்துக் கேலி. 1998இல் ஜான்சன் விருந்தாளி. எதிரே 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டிப் பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஹிஸ்லாப். பத்திரிகையாளர் ஒருவரை ஆள் வைத்து அடிப்பதற்காக ஜான்சனின் நண்பர் போனில் முகவரி கேட்ட பழைய விவகாரத்தை ஹிஸ்லாப் கிளறுகிறார். கேள்வி கூர்மையானது. ஜான்சன் தலையைக் கலைத்துக்கொண்டு தடுமாறுகிறார், முனகுகிறார், தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறார். அரங்கம் சிரிக்கிறது. கேள்வி போன இடம் தெரியவில்லை.

கோ சொல்வது இதுதான்: சிரிப்பு கோபத்துக்கு வடிகால் வெட்டிவிடுகிறது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கக் கற்றுக்கொண்ட அரசியல்வாதிக்கு நையாண்டி கவசமாகிவிடுகிறது. எல்லா அரசியல்வாதியும் ஒன்றுதான் என்று சிரித்துவிட்டுத் தூங்கப்போகும் ஜனங்களை எந்த அரசாங்கத்துக்குத்தான் பிடிக்காது?

அப்படி எழுதிய பிறகும் நாவல் எழுதுவதை நிறுத்தவில்லையே, அதுதான் எனக்குச் சுவாரசியம்.

6 பிப்ரவரி, பத்து நிமிஷம் கழித்து

எழுதும்போதே கவனித்தேன். கோ பிறந்தது 1961. பீட்டர் குக்கின் விடுதி 1961. 'பிரைவேட் ஐ' முதல் இதழ் 1961. கோ தலைப்பைக் கடன் வாங்கிய 'வாட் எ கார்வ் அப்!' சினிமாவும் 1961. ககாரின் விண்வெளிக்குப் போனதும் 1961, நாவலில் குட்டிப் பையன் மைக்கேலுக்கு அவர்மேல் பைத்தியம். ஜோசியர் யாராவது இருந்தால் பலன் சொல்லவும்.

8 பிப்ரவரி

ரெண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2007இல் படிக்க லண்டன் வந்தேன். கிழக்கு லண்டனில் ஒரு வீட்டில் நாலு பேர். வெள்ளிக்கிழமை இரவு சாம்பார் கொதிக்கும் நேரத்தில் மேலே சொன்ன அந்த நிகழ்ச்சி ஓடும். ஆங்கில நகைச்சுவை புரியத் தொடங்கியதே அங்கேதான். புரிகிறது என்பதே ஒரு பெருமை. பழைய துண்டுகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்ப்போம். ஜான்சன் நிகழ்ச்சியை நடத்த வந்து சொதப்பும் பகுதிகளைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். விழுந்து விழுந்து சிரித்தோம். எங்களுக்குத் தெரிந்த அரசியல்வாதிகள் சிரிக்கவே மாட்டார்கள், இவன் தன்னையே கேலி செய்கிறானே என்று.

காமன்வெல்த் நாட்டுக்காரன் இங்கே சட்டப்படி தங்கியிருந்தால் ஓட்டு உண்டு. வந்த புதிதில் யாரும் நம்பமாட்டார்கள், நானும் நம்பவில்லை. 2008 மே 1, லண்டன் மேயர் தேர்தல். ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாக்குச்சாவடி. எனக்கு அப்போதைய மேயர் லிவிங்ஸ்டன் தெரியாது, பேருந்துக் கட்டணக் கொள்கை தெரியாது, ஒரு எழவும் தெரியாது. ஒரே ஒரு முகம் தெரியும்.

போட்டேன்.

வெளியே வந்து வீட்டுத் தோழனிடம் சொன்னேன். 'கோமாளிக்கா?' என்றான். 'ஜாலியா இருக்கும்டா' என்றேன். இந்த வாக்கியத்தை 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பிரெக்சிட் வாக்கெடுப்பின்போதும், 2019 ஜூலையில் அவர் பிரதமரானபோதும், 2020 ஊரடங்கில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபடி படுத்திருந்த இரவுகளிலும் எனக்கு நானே திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

என் ஒரு ஓட்டால் அவர் பிரதமராகவில்லை என்று ஆறுதல் சொல்ல வராதீர்கள். கணக்கு எனக்கும் தெரியும். கோவின் கட்டுரையைப் படித்தபோது குற்றப்பத்திரிகையில் சாட்சியாக என் பெயரைப் பார்த்த மாதிரி இருந்தது.

9 பிப்ரவரி

கிண்டல் செய்யுங்கள், தகும். 'கம்பியில் தொங்கினாரே, அப்போதாவது புத்தி வந்ததா' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். 2012 ஆகஸ்ட், ஒலிம்பிக் சமயம், விக்டோரியா பூங்காவில் ஜிப் வயரில் பாதி வழியில் சிக்கி, இரண்டு கையிலும் குட்டிக் கொடியோடு மேயர் தொங்கிய படம். இல்லை, வரவில்லை. அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். 'பாவம், யாராவது இறக்கிவிடக் கூடாதா' என்றாள். சிரிக்காத ஒரே ஆள்.

13 பிப்ரவரி

வேலை நிமித்தம் பர்மிங்காம் வந்து 12 வருஷம் ஆகிறது. வாகன உதிரிபாகக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைவெட்டி இல்லாமல் 11ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ஏறிய இடத்திலேயே இறங்கினேன். ஊரின் வெளிவட்டத்தைச் சுற்றிவரும் வழித்தடம், சுமார் 26 மைல். ஹேண்ட்ஸ்வொர்த், எர்டிங்டன், ஏகாக்ஸ் கிரீன், கிங்ஸ் ஹீத், போர்ன்வில், செல்லி ஓக். இட்லிமாவு விற்கும் கடை, மசூதி, குருத்வாரா, பாழடைந்த தொழிற்சாலை, ஒரே மாதிரி செங்கல் வீடுகள். போர்ன்வில் பக்கம் வரும்போது காற்றில் கோகோ வாசனை. கேட்பரி குடும்பம் குவேக்கர்கள், மதுவை விலக்கும் கிறிஸ்தவப் பிரிவினர். தொழிலாளிகளுக்காக அவர்கள் கட்டிய அந்தக் கிராமத்தில் மதுவிடுதியே கிடையாது. பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர், 'சாக்லேட் கொடுத்துப் பீரைப் பிடுங்கிட்டாங்க' என்றார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கோவின் 2015 நாவலின் பெயர் 'நம்பர் 11'. வின்ஷாக்களின் தொடர்ச்சி. அதில் வேலையிழந்து, குளிருக்கு ஹீட்டர் போடக் காசில்லாத ஒரு பெண், சூடாக இருக்கிறது என்பதற்காகவே 11ஆம் நம்பர் பஸ்ஸில் சுற்றிச் சுற்றி வருகிறாள். நான் பொழுதுபோக்காகச் செய்ததை அவள் பிழைப்பதற்காகச் செய்கிறாள். அதே 11 டவுனிங் தெருவில் நிதியமைச்சரின் அதிகாரபூர்வ வீட்டின் எண்ணும்கூட. லண்டன் பணக்காரர்கள் வீட்டுக்கு அடியில் 11 தளம் தோண்டும் கதையும் அதே புத்தகத்தில். செலவைக் குறை என்று உத்தரவு போடும் வாசல் எண்ணும், அந்த உத்தரவால் குளிரில் விறைப்பவள் ஏறும் பஸ் எண்ணும் ஒன்று. இதற்கு மேல் கோ ஒரு வார்த்தை விளக்கவில்லை. பழிகரப்பு என்றால் இதுதானே ஐயா?

கேளுங்கள், தம்பி கேள்விக்கு நேர் பதிலும் அந்த நாவலிலேயே இருக்கிறது. நகைச்சுவைக் கலைஞர்கள் சந்தேகத்துக்குரிய விதத்தில் சாகிறார்கள். ஒரு இளம் போலீஸ்காரர் துப்புத் துலக்குகிறார். அவருக்குக் கிடைக்கும் தடயம் ஒரு வலைப்பதிவு: அரசியல் நகைச்சுவை ஜனங்களின் கோபத்தை ஆற்றிவிடுகிறது, புரட்சிக்கு எதிரி சிரிப்புதான் என்று கொதிக்கும் ஒரு ஆள். அதாவது 2013இல் கோ தன் பெயரில் அச்சிட்ட வாதத்தை, 2015இல் தூக்கி ஒரு அரைப்பைத்தியத்தின் வாயில் வைத்துவிட்டார்! தன் நம்பிக்கையின்மையையும் நக்கலடித்தாகிவிட்டது. மீதியைச் சொன்னால் கதை கெடும்.

அந்த வலைப்பதிவுக்காரர் வைத்துக்கொண்ட புனைபெயர் கிறிஸ்டி மால்ரி. அது பி.எஸ். ஜான்சன் என்ற எழுத்தாளர் 1973இல் எழுதிய நாவலின் நாயகன் பெயர். (போரிஸுக்கு உறவில்லை.) மால்ரி என் ஜாதி, கணக்குப்பிள்ளை. இரட்டைப் பதிவு முறையைக் கற்றுக்கொண்டு அதை வாழ்க்கைக்கே போடுகிறான். உலகம் தனக்குச் செய்த அநியாயமெல்லாம் பற்று, தான் திருப்பிக் கொடுப்பதெல்லாம் வரவு. சின்ன அவமானத்துக்குச் சின்ன பழி என்று தொடங்கி, டேலி ஆகவே ஆகாமல் கொலை வரை போகிறான். இந்த ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை கோ பல வருஷம் உழைத்து எழுதினார். 2004இல் வந்து, அடுத்த வருஷம் சாமுவேல் ஜான்சன் பரிசு வாங்கியது. ஜான்சன், சாமுவேல் ஜான்சன், போரிஸ் ஜான்சன்: இந்த நாட்டில் பெயர்ப் பஞ்சம்.

14 பிப்ரவரி

திருத்தம். 'கோவின் ஒரு வாக்கியம் 14,000 சொல்' என்று போன வருஷம் வேறொரு இழையில் அடித்துவிட்டிருந்தேனாம். ஒருவர் தோண்டியெடுத்து வந்திருக்கிறார். சரியான கணக்கு 13,955. 2001இல் வந்த 'தி ராட்டர்ஸ் கிளப்' கடைசியில் பெஞ்சமின் டிராட்டர் ஒரு மதுவிடுதியில் உட்கார்ந்தபடி மனசுக்குள் ஓட்டும் ஒரே வாக்கியம். செக் எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபால் ஒரு புத்தகம் முழுவதையும் ஒரே வாக்கியமாக எழுதியதைப் பார்த்து வந்த ஆசை. 45 சொல்லைக் கூட்டிச் சொன்ன குற்றத்துக்கு மன்னிப்பு. தணிக்கைக்காரர்கள் எங்கே போனாலும் விடமாட்டார்கள்.

18 பிப்ரவரி

எழுதிப் பார்த்ததில், நான் திரும்பத் திரும்பச் சிரிப்பு வேலை செய்யாத இடங்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது. இன்னும் ஒன்று.

'ராட்டர்ஸ் கிளப்' 70களின் பர்மிங்காம். பள்ளிக்கூடப் பையன்கள், லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலை, வேலைநிறுத்தம், புரியாத நீளத்துக்கு வாசிக்கும் ராக் இசைக்குழுக்கள். தலைப்பே ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த் என்ற குழுவின் இசைத்தட்டுப் பெயர்தான். முதல் 100 பக்கம் வயிறு வலிக்கும். பெஞ்சமின் நீச்சல் உடையை மறந்துவிட்டு வந்து கடவுளை வேண்டும் காட்சியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அதே பகுதியில் அக்கா லோயிஸ் தன் காதலன் மால்கமோடு டேவர்ன் இன் தி டவுன் என்ற மதுவிடுதிக்குப் போகிறாள். அவன் கல்யாணம் பற்றிக் கேட்கப் போகிறான். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தேதி 1974 நவம்பர் 21.

அன்று அந்த விடுதியிலும் மல்பெரி புஷ் என்ற இன்னொன்றிலும் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். செய்யாத குற்றத்துக்காக ஆறு ஐரிஷ்காரர்கள் உள்ளே போய், 1991இல்தான் வெளியே வந்தார்கள். நாவலில் மால்கம் சாகிறான். லோயிஸ் பிழைக்கிறாள், அதாவது மூச்சு இருக்கிறது. 2018இல் வந்த 'மிடில் இங்கிலாந்து' வரை அந்த இரவு அவளை விடவில்லை. தம்பி, நீங்கள் ரயிலில் சிரித்துக்கொண்டே கடந்துபோன லோயிஸ் இவள்தான். முதல் புத்தகம் படிக்காமல் மூன்றாவதில் குதித்தால் இப்படித்தான் ஆகும். குற்றம் பரிந்துரைத்த என்னுடையது.

எங்கள் கிடங்கில் வாரம் இரண்டு நாள் ஒரு பெரியவர் வருவார். எழுபதை நெருங்குகிறவர். 2005 ஏப்ரலில் லாங்பிரிட்ஜ் கதவு மூடும்வரை அங்கே வேலை. சுமார் 6,000 பேருக்கு ஒரே வாரத்தில் வேலை போனது. 'உங்க கதையை ஒருத்தர் எழுதியிருக்கார்' என்று 'ராட்டர்ஸ் கிளப்' என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். 'நாவலா? கார் மேனுவல் தவிர எதையும் நான் முழுசா படிச்சதில்லை' என்று வாங்கிக்கொண்டார்.

23 பிப்ரவரி

பெரியவர் முன்னேறுகிறார். இன்று டீ நேரத்தில் தொழிற்சங்கக் கூட்டப் பகுதியை நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். யார் யாரை மனதில் வைத்து எழுதியது என்று தானே ஆள் கண்டுபிடித்துச் சொல்கிறார். நிச்சயம் தப்பாகத்தான் இருக்கும்.

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: 'மிடில் இங்கிலாந்தில் பிரெக்சிட்காரர்களை முட்டாளாகக் காட்டவில்லையே, அப்புறம் என்ன அங்கதம்?' அதுதான் தம்பி அங்கதம். சோஃபியும் இயனும் பிரிந்துபோய்த் திருமண ஆலோசகரிடம் உட்காரும் இடத்தை மறுபடி படியுங்கள். 2016 வாக்கெடுப்பு குடும்பத்தை உடைத்துவிட்டது. ஏன் கோபம் என்று கேட்டால், அவள், 'இவன் நான் நினைத்த அளவுக்குத் திறந்த மனசுக்காரன் இல்லை' என்கிறாள். அவன், இவள் குமிழிக்குள் வாழ்கிறாள், தன்னை உசத்தி என்று நினைக்கிறாள் என்கிறான். இருவரும் ஐரோப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை என்பதை ஆலோசகர் கவனிக்கிறார். நாட்டையே பிளந்த கேள்விக்கும் நாட்டின் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதைவிட நக்கல் என்ன வேண்டும்? கோவின் அரசியல் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கத்தி இரண்டு பக்கமும் போகிறது, சோஃபியின் படித்த திமிரும் தப்பவில்லை.

பர்மிங்காம் நகரம் வெளியேறு என்று 50.4 சதவீதம் போட்டது. எங்கள் கிடங்கில் எதிர் மேசையில் ஒரு போலந்துக்காரர், 11 வருஷமாக இங்கே வரி கட்டுகிறவர், அவருக்கு ஓட்டு இல்லை. எனக்கு இருந்தது. 2008 தந்த பயத்தில் இந்த முறை எல்லாத் துண்டறிக்கையும் படித்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை அவர் எதுவும் பேசவில்லை, பெட்டிகளை வழக்கத்தைவிட வேகமாக அடுக்கினார். பிற்பகலில் மேலாளர் கேக் வாங்கி வந்து வைத்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை, யாரும் தொடவுமில்லை. கோ அந்தக் கேக்கைப் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

அந்த நாவலுக்கு கோஸ்டா பரிசும், ஐரோப்பியப் புத்தகப் பரிசும் கிடைத்தன. பிரான்சிலும் இத்தாலியிலும் எப்போதுமே அவருக்கு நல்ல கூட்டம். அடுத்த வீட்டுச் சண்டை யாருக்குத்தான் பிடிக்காது.

1 மார்ச்

'அப்படியானால் நையாண்டி ஒருத்தரைக்கூடக் கவிழ்த்ததில்லையா?' என்று மறுபடியும். 2022இல் ஒன்று நடந்தது. லிஸ் ட்ரஸ் பிரதமர். வரிக் குறைப்பு அறிவிப்பால் பவுண்டு சரிந்து சந்தை ஆடியது. டெய்லி ஸ்டார் பத்திரிகை 60 பென்ஸுக்கு ஒரு லெட்டூஸ் கீரை வாங்கி, பொய்முடியும் கண்ணும் ஒட்டி, நேரலையில் வைத்தது: கீரை முதலில் அழுகுமா, பிரதமர் முதலில் போவாரா? கீரை ஜெயித்தது. 49 நாளில் ட்ரஸ் வெளியே. காளமேகத்துக்குப் பிறகு வெற்றி கண்ட புலவர் ஒரு கீரை.

கிடங்கில் நாங்களும் அந்த நேரலையைப் பார்த்துச் சிரித்தோம். அவரை இறக்கியது கீரையா, கடன்பத்திரச் சந்தையா என்று கேட்டால் கணக்குப்பிள்ளை பதில் ஒன்றுதான் உண்டு. அந்த மாதம் வீட்டுக்கடன் வட்டி எனக்கு எவ்வளவு ஏறியது என்று இங்கே எழுதமாட்டேன், மனைவி படிக்கிறாள்.

அந்த 49 நாள்தான் கோவின் 2024 நாவலான 'தி ப்ரூஃப் ஆஃப் மை இன்னொசன்ஸ்' நடக்கும் காலம். கொலைக்கதை வேஷம் போட்டது. வலதுசாரி மாநாடு, மாளிகை, பிணம். கீரையை நம்பி எழுதவில்லை. இந்தக் கூத்துக்கெல்லாம் விதை 80களில் கேம்பிரிட்ஜில் எங்கே விழுந்தது என்று பின்னோக்கிப் போகிறார். எனக்கு முதல் பாதி பிடித்தது, வகைமை விளையாட்டு கொஞ்சம் அலுத்தது. 2022இல் வந்த 'போர்ன்வில்' அதைவிடப் பல மடங்கு மேல். ஊரடங்கில் தனியாக இறந்த தன் தாயை வைத்து எழுதியது. கேலி இருக்கிறது: பிரிட்டிஷ் சாக்லேட்டில் வேறு கொழுப்பு கலக்கிறது, இது சாக்லேட்டே இல்லை என்று ஐரோப்பா வருஷக்கணக்காகப் போட்ட சண்டை, பிரஸ்ஸல்ஸில் நிருபராக ஒரு கலைந்த தலைமுடிக்காரன். ஆனால் கடைசிப் பகுதியில் ஒரு வயதான பெண் திரைவழியே மட்டும் பிள்ளைகளைப் பார்த்தபடி இருக்கிறாள். அங்கே கலைந்த தலைமுடி ஞாபகம் வந்தால் சிரிக்க முடியவில்லை.

3 பிப்ரவரி அன்று 'மறுப்பு பாதி' என்று எழுதினேன். இப்போது எவ்வளவு என்று கேட்டால் தெரியவில்லை.

15 மார்ச்

தாமதத்துக்கு மன்னிக்கவும், நிதியாண்டு முடிகிற நேரம்.

தம்பி 'ராட்டர்ஸ் கிளப்' வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார், சந்தோஷம். என் பிரதி இன்னும் திரும்பி வரவில்லை. பெரியவர் டீ நேரத்தில் நடித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டார். புத்தகம் அவருடைய லாக்கர் மேல் இருக்கிறது. நேற்று அவர் கைகழுவப் போனபோது எட்டிப் பார்த்தேன். அடையாளத்துக்கு ஒரு பழைய பஸ் டிக்கெட் வைத்திருக்கிறார், லோயிஸும் மால்கமும் விடுதிக்குள் நுழையும் பக்கத்தில். மூன்று வாரமாக அங்கேயேதான்.

'எப்படிப் போகுது?' என்றேன். 'நிதானமா படிக்கிறேன்' என்றார். 1974இல் அவருக்கு 18 வயது இருக்கும். நான் வேறெதுவும் கேட்கவில்லை.